முழு ஆளையும் பார்த்துக்கொள்ளும் நர்சிங்: வீட்டில் நோயாளி இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீடு வீடாகப் போய், படுக்கையில் இருக்கும் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் வேலை என்னுடையது. பக்கவாதம், புற்றுநோய், இடுப்பு எலும்பு முறிந்த பாட்டிமார், முற்றிய சிறுநீரக நோய், இப்படி. போகிற இடமெல்லாம் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். வாட்ஸ்அப்பில் அதே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டுவதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாமே என்றுதான் இது. என்ன மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும், அதில் நான் தலையிடவில்லை.

ஹோலிஸ்டிக் நர்சிங் என்கிறார்களே, அப்படியென்றால் என்ன?

ஒருவரின் உடம்பு, மனசு, குடும்பம், பணக் கவலை, சாமி நம்பிக்கை எல்லாம் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் உடம்பை மட்டும் பார்த்தால் உடம்பைக்கூடச் சரியாகப் பார்க்க முடியாது. அவ்வளவுதான் விஷயம், ஆனால் இப்படிச் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை என்பதால் ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துபோன பெரியவர், மகன் வீட்டில் இருக்கிறார். மகன் காலையில் வேலைக்குப் போனால் இருட்டியபிறகுதான் வருவார், பகலில் மருமகள் மட்டும். சில நாட்களாகக் குழம்பிப் பேசுகிறார், ராத்திரி தூங்குவதில்லை, மறதி நோய் வந்துவிட்டதோ என்று என்னைக் கூப்பிட்டார்கள். யூரின் பாட்டிலைப் பார்த்தால் அடர் மஞ்சளில் கொஞ்சமே கொஞ்சம், கடும் நாற்றம். நாக்கு காய்ந்து கிடக்கிறது. "தண்ணி குடுக்கிறோம் சிஸ்டர், அவர்தான் வேண்டாங்கிறார்" என்றார்கள். எல்லாரும் அந்தப் பக்கம் போனபிறகு மெதுவாகக் கேட்டதில் வந்தது காரணம்: தண்ணீர் குடித்தால் ஒன்றுக்கு வரும், வந்தால் மருமகள்தான் பாட்டில் பிடிக்க வேண்டும், அந்த வெட்கத்தில் மகன் வரும்வரை மனிதர் வாயில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். தண்ணீர் குறைந்ததில் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், இரண்டும் சேர்ந்து குழப்பம். டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதினார், சரியானது. அதோடு விட்டிருந்தால் அடுத்த மாதமும் இதே கதை நடந்திருக்கும். பாட்டிலை வேலை செய்கிற கைப்பக்கம் கட்டில் சட்டத்தில் மாட்டினோம், வேட்டியைச் சுற்றிக் கட்டாமல் மேலே போர்த்தினோம், அவரே வைத்துக்கொள்ளப் பழகினார், மதியம் ஒரு தடவை பக்கத்து வீட்டுப் பையன் வந்து கொட்டிவிட்டுப் போவான். தண்ணீர் உள்ளே போக ஆரம்பித்தது, குழப்பமும் தெளிந்தது.

திடீரென்று குழப்பம் வந்தால் அது மறதி நோய் இல்லையா?

மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வரும். நேற்று வரை நன்றாகப் பேசியவர் இன்று ஆளை அடையாளம் தெரியாமல் பேசினால் உள்ளே ஏதோ நடக்கிறது என்று அர்த்தம்: தொற்று, சர்க்கரை இறக்கம், தண்ணீர்ச் சத்துக் குறைவு, புதிதாகச் சேர்த்த மாத்திரை, மலம் சிறுநீர் அடைப்பு. தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். முகம் கோணுவது, பேச்சு குழறுவது, கை கால் தொய்வது கூட இருந்தால் 108-ஐக் கூப்பிட்டுவிட்டு மற்றதை யோசியுங்கள். இன்னொன்று, கண்ணாடியும் காது மிஷினும் மேஜை டிராயருக்குள் இருக்கும், ஆள் பாதி பார்வையும் பாதி காதுமாகக் கிடப்பார். அதை முதலில் மாட்டிவிடுங்கள்.

இது வெளிநாட்டிலிருந்து வந்த புது பாணியா?

பழசுதான். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் என்றால் கையில் விளக்கோடு இருக்கும் படம்தான் எல்லாருக்கும் நினைவு வரும், 1854-இல் கிரிமியப் போரின்போது ஸ்கூட்டாரி ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனவர். 1859-இல் அவர் எழுதிய சிறு புத்தகம் ஒன்று உண்டு. நர்சுகளுக்கான பாடநூலாக அவர் அதை எழுதவில்லை, வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் சாதாரணப் பெண்களுக்காக எழுதினார். காற்று, வெளிச்சம், சுத்தம், சாப்பாடு எல்லாம் இருக்கிறது, கூடவே சத்தத்துக்கென்று தனி அத்தியாயம். அறை வாசலில் நின்று கிசுகிசுக்காதே, நோயாளி தலையைத் திருப்பாமல் பார்க்கிற இடத்தில் உட்கார், வெற்று நம்பிக்கையும் ஓசி அறிவுரையும் கொடுக்காதே என்கிற அளவுக்கு இறங்கி எழுதியிருக்கிறார். நம் வீடுகளில் இந்த மூன்றும் இன்றைக்கும் தவறாமல் நடக்கிறது. செருப்பைக் கழற்றும்போதே "டாக்டர் எத்தனை நாள்னு சொன்னார்?" என்று கேட்கிற சொந்தக்காரர் இல்லாத வீடு உண்டா? உள்ளே படுத்திருப்பவருக்குக் காலில்தான் பலமில்லை, காது நன்றாகவே கேட்கும்.

அமெரிக்காவில் இதற்கென்று நர்சுகள் 1981-இல் சங்கம் ஆரம்பித்தார்கள், 2006-இல் அமெரிக்க நர்சுகள் சங்கம் இதைத் தனிச் சிறப்புப் பிரிவாக ஏற்றுக்கொண்டது. பெயர் பலகைக்கு அது போதும். என்னைக் கேட்டால் இந்த வேலையை உருப்படியாக வடிவமைத்தவர் சிசிலி சாண்டர்ஸ், அவரைப் பற்றி அடுத்த பதிலில்.

வலி மாத்திரை கொடுத்தும் வலிக்கிறது என்கிறார். நடிக்கிறாரோ?

நடிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் வலிக்கிறது, அதை அளக்க வெளியே மீட்டர் கிடையாது.

முதலில் பார்க்க வேண்டியது மாத்திரை கொடுக்கும் நேரம். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று எழுதியிருந்தால் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவைதான், வலி வந்து கத்தியபிறகு கொடுப்பது என்று அர்த்தமில்லை. பல வீடுகளில் "இப்போ வலி இல்லையே, எதுக்கு மாத்திரை" என்று தள்ளிப்போட்டு, வலி ஏறினபிறகு கொடுத்து, அது கேட்காமல் ராத்திரி முழுக்கத் திண்டாடுகிறார்கள். ஏறிவிட்ட வலியை இறக்குவதற்கு மருந்தும் கூடுதல், நேரமும் கூடுதல். நேரம் தவறாமல் கொடுத்தும் வலித்தால் அதை எழுதிவைத்து டாக்டரிடம் சொல்லுங்கள், அளவு மாற்ற வேண்டியிருக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வலி அடங்கவில்லை என்றால்தான் சாண்டர்ஸ் வருகிறார். லண்டனில் நர்சாக இருந்து, முதுகுவலியால் அந்த வேலையை விட்டு, ஆஸ்பத்திரி சமூகப் பணியாளராகி, கடைசியில் டாக்டருக்கும் படித்தவர். 1967-இல் தெற்கு லண்டனில் செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தார், கடைசிக் கட்ட நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. அவருடைய நோயாளி ஒரு பெண், வலி எங்கே என்று கேட்டதற்கு, முதுகில்தான் ஆரம்பித்தது, இப்போது ஆளே முழுசாகச் சரியில்லாத மாதிரி இருக்கிறது என்ற பொருளில் சொல்லி, கணவன், பிள்ளை, பணம் என்று அடுக்கினாராம். இதிலிருந்துதான் சாண்டர்ஸ் மொத்த வலி என்று பேச ஆரம்பித்தார்: உடம்பு வலி, மன வலி, குடும்பமும் சமூகமும் தருகிற வலி, 'எனக்கு ஏன் இப்படி' என்கிற ஆன்மிக வலி. ராத்திரியில் மட்டும் வலி கூடுகிறது என்று யாராவது சொன்னால் நான் படுக்கையைப் பார்ப்பேன், மாத்திரையைப் பார்ப்பேன், அப்புறம் "ராத்திரியில என்னங்கய்யா யோசனை ஓடுது?" என்று கேட்பேன். கடன், கட்டிக்கொடுக்காத பெண், பேச்சுவார்த்தை இல்லாத தம்பி, இப்படி ஏதாவது ஒன்று வரும்.

இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டாம். வலியில் துடிக்கிறவரிடம் தியானம், மூச்சுப்பயிற்சி என்று பேசுவது அநியாயம். மருந்து முதலில்.

மார்ஃபின் எழுதியிருக்கிறார்கள். அடிமையாகிவிடுவாரா? முடிவு நெருங்கிவிட்டது என்று அர்த்தமா?

இரண்டும் கிடையாது. புற்றுநோய் வலிக்கு டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுக்கும் மார்ஃபினால் போதை அடிமையாவது அபூர்வம், சரியான அளவில் கொடுத்தால் அது ஆயுளைக் குறைப்பதும் இல்லை. வலி அடங்கியதும் அவர் எழுந்து உட்கார்ந்து, பேரனோடு கிரிக்கெட் பார்ப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆரம்ப நாட்களில் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பெரும்பாலும் போய்விடும். போகாதது மலச்சிக்கல். அதனால் மார்ஃபின் ஆரம்பிக்கும் அன்றே மலமிளக்கியும் சேர்த்து எழுதினார்களா என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். எழுப்பினாலும் எழாத தூக்கம், மூச்சு ரொம்ப மெதுவாவது என்றால் அடுத்த டோஸ் கொடுக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கிடைப்பதுதான் முன்பெல்லாம் பெரும்பாடு. 1985-ஆம் வருடப் போதைப்பொருள் சட்டத்தில் மாநிலத்துக்கு மாநிலம் பல உரிமங்கள் கேட்டதால் ஆஸ்பத்திரிகளே வாங்கி வைக்கப் பயந்தன. 2014-இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் எளிதாக வைத்துக்கொள்ள வழி செய்தார்கள். இப்போதும் எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது, எங்கே வாங்குவது என்பதை டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.

அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய்ப் புண். நாற்றத்தால் பேரப்பிள்ளைகள் அறைக்குள் வருவதில்லை. என்ன செய்வது?

இந்தக் கேள்வியை யாரும் நேரடியாகக் கேட்பதில்லை. ஊதுவத்தி புகை, ரூம் ஸ்பிரே, மூடின கதவு, இதையெல்லாம் பார்த்து நாங்களே புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

நாற்றத்துக்குக் காரணம் புண்ணில் வளரும் காற்றில்லாமல் வாழும் கிருமிகள். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்மேல் தூவுவது நோய்த்தணிப்பு (நோயைக் குணமாக்க முடியாவிட்டாலும் அவதியைக் குறைக்கும் சிகிச்சை) பிரிவுகளில் நெடுநாளாக இருக்கிற முறை, விலையும் சொற்பம். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு செய்யலாம், சில நாளில் வித்தியாசம் தெரியும். பழைய கட்டை அப்படியே பிய்க்காதீர்கள், சலைனில் நன்றாக நனைத்து ஊறவிட்டு எடுத்தால் ரத்தமும் வராது, வலியும் குறைவு. கட்டு மாற்றுவதற்கு அரைமணி, முக்கால் மணி முன்னால் வலி மருந்து கொடுக்கும்படி நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். எடுத்த பஞ்சையும் துணியையும் உடனே கவரில் கட்டி வெளியே கொண்டுபோய்விடுங்கள், அறையில் பக்கெட்டில் கிடக்கக் கூடாது. ஜன்னல் திறந்திருக்கட்டும். சென்ட், ஊதுவத்தி வேண்டாம், இரண்டு வாசனையும் கலந்து இன்னும் மோசமாகும். அதற்குப் பிறகு மல்லிகைப் பூவைப் பார்த்தாலே குமட்டுகிறது என்று ஒரு அம்மா என்னிடம் சொன்னார்.

இதில் எது உடம்புக்கான சிகிச்சை, எது மனசுக்கான சிகிச்சை என்று பிரிக்கச் சொன்னால் எனக்குத் தெரியாது. நாற்றம் குறைந்தால் பிள்ளைகள் வருவார்கள், பிள்ளைகள் வந்தால் அந்த அம்மா தலை சீவிக்கொள்ளச் சம்மதிப்பார், ரெண்டு வாய் சோறு கூடச் சாப்பிடுவார்.

படுக்கைப்புண் வராமல் இருக்க வாட்டர் பெட் வாங்கினால் போதுமா?

போதாது. எந்தப் படுக்கையானாலும் ஆளைத் திருப்பிப் போட வேண்டும், பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. மோட்டார் வைத்த காற்றுப் படுக்கை இருந்தால் டாக்டரோ நர்சோ பார்த்து இடைவெளியைக் கொஞ்சம் கூட்டச் சொல்லலாம், நிறுத்தச் சொல்ல மாட்டார்கள்.

திருப்புவது என்றால் ஒருக்களித்து முழுசாக இடுப்பு எலும்பு மேல் படுக்கவைப்பது என்று நினைக்கிறார்கள். அது வேண்டாம். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை கொடுத்துப் பாதி சாய்ந்த மாதிரி, ஏறக்குறைய 30 டிகிரி, அவ்வளவு போதும். முட்டிகளுக்கு நடுவில் ஒரு தலையணை, கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்று, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். மேலே ஏற்றும்போது அக்குளில் கை கொடுத்து இழுக்காதீர்கள், தோல் படுக்கையில் தேய்ந்து உள்ளேயே கிழியும். ஒரு பழைய போர்வையை நாலாக மடித்து முதுகிலிருந்து தொடை வரைக்கும் குறுக்கே போட்டு, இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். தலைமாட்டை ரொம்ப நேரம் உயர்த்தி வைத்தால் ஆள் சறுக்கிக்கொண்டே வருவார், வால் எலும்பில் புண் வருவது பெரும்பாலும் இப்படித்தான்.

தினமும் உடம்பு துடைக்கும்போது பாருங்கள்: வால் எலும்பு, இடுப்பு, குதிகால், கணுக்கால், காது, பின்னந்தலை. சிவந்தால் ஜாக்கிரதை என்று எல்லாக் காகிதத்திலும் எழுதியிருக்கும், நம் நிறத்தில் சிவப்பு எங்கே தெரிகிறது? சுற்றி இருக்கும் தோலைவிடக் கருத்திருக்கிறதா, புறங்கையால் தொட்டால் சூடாக இருக்கிறதா, கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கிறதா, அங்கே தொட்டால் முகம் சுளிக்கிறாரா என்று பாருங்கள். அந்த இடத்தைத் தேய்த்து மசாஜ் செய்யாதீர்கள். நடுவில் ஓட்டை வைத்த ரிங் குஷன், கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு வைப்பது இரண்டும் நல்லதைவிடக் கெடுதலே அதிகம் செய்யும். மஞ்சள், தேங்காய் எண்ணெய், பவுடர் எதையும் திறந்த புண்ணில் போடாதீர்கள்.

ஆளைத் திருப்புவதற்கு முன்னால் சொல்லுங்கள். "அம்மா, இப்போ வலது பக்கம் திருப்பப் போறோம்." பேச்சே வராதவராக இருந்தாலும் சொல்லுங்கள். சொல்லாமல் புரட்டினால் உடம்பு விறைத்துக்கொள்ளும், விழப்போகிற பயத்தில் பிடித்துக்கொள்வார்கள், உங்களுக்கும் இடுப்பு போகும்.

குளிக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கிறார். என்ன காரணமாக இருக்கும்?

குளிர், வலி, விழுந்துவிடும் பயம், வெட்கம். இந்த நாலில் ஒன்று. அதிகம் வெட்கம்தான். மொத்தத் துணியையும் அவிழ்த்துவிட்டுக் குளிப்பாட்டுவது நமக்கு வசதி, அவருக்கு அவமானம். பெரிய துண்டு ஒன்றால் போர்த்தி, துடைக்கிற இடத்தை மட்டும் திறந்து, துடைத்து, உலர்த்தி, மூடிவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். முகத்தையும் மறைவிடத்தையும் கை தூக்க முடிந்தால் அவரே துடைத்துக்கொள்ளட்டும், சரியாகத் துடைக்காவிட்டாலும் பரவாயில்லை. கதவைச் சாத்துங்கள். யார் குளிப்பாட்டலாம் என்று அவரையே கேளுங்கள், மகள் வேண்டாம் வேலைக்காரம்மா போதும் என்று சொல்கிற அம்மாக்கள் நிறைய உண்டு, அதில் மகள் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

கூப்பிடுவதும் இதில் சேர்த்திதான். வார்டில் 'பதினாலாம் பெட்டு' என்பார்கள், வீட்டுக்கு வருகிற ஆட்கள் யாரைப் பார்த்தாலும் பாட்டி, தாத்தா என்பார்கள், குழந்தையிடம் பேசுகிற மாதிரி "சாப்பிட்டியா செல்லம்" என்றுகூடப் பேசுவார்கள். நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவரை டீச்சர் என்று கூப்பிட்டுப் பாருங்கள், முகமே மாறும். எப்படிக் கூப்பிடட்டும் என்று முதல் நாளே கேட்டுவிடுவது என் வழக்கம்.

ரெய்கி (கை வைத்து ஆற்றல் தருவதாகச் சொல்லும் ஜப்பானிய முறை), தொடு சிகிச்சை, எண்ணெய் மசாஜ், சித்த மருந்து இதெல்லாம் ஹோலிஸ்டிக் தானே?

இதைத்தான் ஹோலிஸ்டிக் என்று நிறையப் பேர் விற்கிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

1970-களில் நியூயார்க் பல்கலைக்கழக நர்சிங் பேராசிரியை டோலோரஸ் க்ரீகரும் டோரா குன்ஸ் என்பவரும் தொடு சிகிச்சை என்று ஒன்றைப் பரப்பினார்கள். பெயர்தான் தொடு, பெரும்பாலும் தொடுவதே இல்லை, உடம்புக்கு மேலே கையை நகர்த்தி அவருடைய ஆற்றலைச் சரிசெய்வதாகச் சொல்வார்கள். ஆயிரக்கணக்கான நர்சுகள் கற்றுக்கொண்டார்கள். எமிலி ரோசா என்கிற அமெரிக்கச் சிறுமி, ஒன்பது வயதில், பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக இதைச் சோதித்தாள். நடுவில் ஒரு தட்டியை வைத்து, ஓட்டை வழியாக இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, ஏதாவது ஒரு கைக்கு மேல் தன் கையைப் பிடித்து, எந்தக் கை என்று கேட்டாள். ஆற்றலை உணர முடியும் என்ற 21 சிகிச்சையாளர்கள் சரியாகச் சொன்னது 44 சதவீதம். காசு சுண்டிப் போட்டால்கூட ஐம்பது வரும். 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழிலேயே அது வெளியானது.

ஆக, ஆற்றல், அலை, புலம் என்று சொல்லிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். நிஜமாகவே தொடுவது வேறு விஷயம். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்வது, காலில் எண்ணெய் தடவி மெதுவாக நீவிவிடுவது, பிடித்த பாட்டைப் போடுவது, இதெல்லாம் ஆளுக்கு ஆறுதலாக இருக்கும், செய்யுங்கள், அதற்குச் சான்றிதழ் வாங்கின ஆள் தேவையில்லை. கால் திடீரென்று ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால் மட்டும் நீவ வேண்டாம், ரத்தக்கட்டியாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

சித்த, ஆயுர்வேத மருந்து சாப்பிட்டால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் திட்டுவார் என்று பயந்து மறைப்பதுதான் ஆபத்து. உலோகம் சேர்ந்த பஸ்பம், செந்தூரம் சிறுநீரகம் கெட்டவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம், ரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சில மூலிகைகள் ரத்தப்போக்கைக் கூட்டலாம்.

அப்பாவுக்குப் புற்றுநோய் என்று சொல்லவேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். சரிதானே?

அன்பால் எடுத்த முடிவு என்று தெரியும். ஆனால் கீமோ வார்டுக்குப் போய்வருகிறவருக்கு, பக்கத்து நாற்காலியில் முடி கொட்டின ஆளைப் பார்க்கிறவருக்கு, விஷயம் தெரியாமலா இருக்கும்? பெரும்பாலும் அவருக்குத் தெரியும், உங்களுக்காக அவரும் தெரியாத மாதிரி இருக்கிறார். ஒரே வீட்டில் இரண்டு தரப்பும் நடிப்பதால் யாரும் யாரிடமும் பேச முடியாமல் போகிறது.

எடுத்தவுடன் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. "உங்க உடம்பைப் பத்தி டாக்டர் என்ன சொன்னார்ப்பா, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பது அவர் பதிலிலேயே வந்துவிடும். வேண்டாம் என்றால் வற்புறுத்த வேண்டாம், அதுவும் அவர் உரிமை. கேட்டால் பொய் சொல்லாதீர்கள். பத்திரம், பேங்க் நாமினி, தம்பியோடு இருக்கிற சண்டை, குலதெய்வக் கோயிலுக்கு ஒரு தடவை போய்வருவது, இதையெல்லாம் அவர் நடக்கிற நிலையில் இருக்கும்போதே முடிக்க நினைக்கலாம், அந்தக் காலத்தை நாம் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கட்சி.

சாமி, ஜெபம், தொழுகை பற்றியெல்லாம் நர்ஸ் பேசலாமா?

கேட்கலாம், பிரசங்கம் செய்யக் கூடாது. "கஷ்டமான நேரத்துல உங்களுக்கு எது தெம்பு குடுக்கும்?" என்று கேட்டால் சிலர் முருகன் என்பார்கள், சிலர் மாதா, சிலர் பேத்தி, சிலர் கட்சி. கட்டிலைத் தொழுகைத் திசைக்குத் திருப்பிப் போடுவது, விபூதி டப்பாவைக் கையெட்டும் இடத்தில் வைப்பது, கடவுள் இல்லை என்பவரை நிம்மதியாக விடுவது, எல்லாம் இதில் அடக்கம்.

சாப்பாடே இறங்கவில்லை. குளுக்கோஸ் ஏற்றலாமா?

குணமாகக்கூடிய நோயில் வேறு கணக்கு, அதை டாக்டர் சொல்வார். கடைசிக் கட்டத்தில் உடம்பு தானாகவே சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளும். சாப்பிடாததால் இறக்கிறார் என்று வீட்டில் நினைப்பார்கள், நடப்பது நேர்மாறு, முடிவு நெருங்குவதால் பசி போகிறது. அந்த நேரத்தில் ட்ரிப்ஸ் ஏற்றினால் கால் கை வீங்கலாம், நுரையீரலில் நீர் சேர்ந்து மூச்சு முட்டலாம். தொண்டையில் இறங்காதவருக்கு வாயில் ஊற்றினால் புரையேறும்.

அதற்குப் பதிலாக வாயைக் கவனியுங்கள். சுத்தமான மெல்லிய துணியை விரலில் சுற்றி நனைத்து ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்புறம் துடைத்துவிடுங்கள், ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை உதட்டை நனையுங்கள். வெறும் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. காபிப் பிரியருக்கு நாக்கில் ஒரு துளி காபி, இளநீர், ரசத் தெளிவு. 'ஒரு வாய்கூடக் கொடுக்க முடியவில்லையே' என்கிற குடும்பத்தின் தவிப்புக்கும் கையில் ஒரு வேலை கிடைக்கும்.

ஆஸ்பத்திரியில் நர்சுகள் நின்று ஒரு வார்த்தை பேசுவதில்லையே, அவர்களுக்கு இதெல்லாம் சொல்லித்தர மாட்டார்களா?

சொல்லித்தருகிறார்கள், பரீட்சையில் எழுதவும் செய்கிறோம். ஒரு ஷிஃப்டில் முப்பது பேருக்கு ஊசி, ட்ரிப்ஸ், சார்ட், புது அட்மிஷன் என்று ஓடுகிறவருக்கு உட்கார்ந்து பேச எங்கே நேரம்? இதை அன்பு இருக்கிறதா இல்லையா என்கிற விஷயமாகப் பேசுவது எனக்கு எரிச்சல் தரும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 ஆஸ்பத்திரிகளின் அறுவை சிகிச்சை நோயாளிகளை வைத்து நர்சிங் ஆய்வாளர் லிண்டா ஐக்கன் குழு 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நர்சுக்குக் கூடுதலாக ஒரு நோயாளி சேர்ந்தாலே 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. கலிபோர்னியாவில் ஒரு நர்சுக்கு இத்தனை நோயாளிதான் என்று 1999-இல் சட்டமே போட்டு 2004 முதல் அமல்படுத்தினார்கள். நர்சு புன்னகைக்கவில்லை என்று புகார்ப் பெட்டியில் எழுதுகிறவர்கள், வார்டில் எத்தனை நர்ஸ் இருந்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் உபகாரமாக இருக்கும்.

பார்த்துக்கொள்கிற எனக்கே முடியவில்லை. கோபம் வருகிறது.

வரும். பெரும்பாலான வீடுகளில் ஒரே ஒரு பெண் தலையில் எல்லாம் விழுகிறது, மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆப்பிளோடு வந்து யோசனை சொல்லிவிட்டுப் போகிறார்கள். யோசனை சொல்கிறவருக்கு ஒரு வேலை கொடுங்கள்: புதன்கிழமை ராத்திரி நீங்க, மருந்து வாங்குவது நீங்க, டயப்பர் செலவு நீங்க. பேப்பரில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள், குடும்ப வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். நோயாளியை வீட்டுக்குப் பார்க்கப் போகும்போது நான் கூட இருப்பவரிடமும் எப்போது தூங்கினீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பேன், அவர் விழுந்தால் இரண்டு நோயாளி. தூக்கமில்லாமல், அழுகை நிற்காமல், அடித்துவிடுவேனோ என்கிற பயம் வரை போனால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

அரசு தரப்பில் வீட்டுக்கே வந்து பார்ப்பார்களா?

தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. பி.பி., சர்க்கரை மாத்திரைதான் பலருக்குத் தெரியும், நோய்த்தணிப்புப் பராமரிப்பும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருவது அதில் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவையுங்கள்.

கேரளம் இதில் நமக்கு முன்னால் போய்விட்டது. கோழிக்கோட்டில் 1993-இல் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் போன்றவர்கள் ஆரம்பித்த வலி தணிப்பு அமைப்பிலிருந்து, அக்கம்பக்கத்து ஆட்களையே பயிற்றுவித்து வீடுகளுக்கு அனுப்பும் வழக்கம் வளர்ந்தது. 2008-இல் மாநில அரசே கொள்கை அறிவித்து உள்ளாட்சிகளிடம் பொறுப்பைக் கொடுத்தது. ஆட்டோ டிரைவரும் காலேஜ் மாணவரும் தன்னார்வலராக வந்து, மருந்தைப் பற்றி நர்ஸ் பேசுகையில், வீட்டில் அரிசி இருக்கிறதா, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்று விசாரிப்பார்கள்.

ஏஜென்சி மூலம் ஆள் வைக்கப் போகிறோம். என்ன கேட்க வேண்டும்?

வருபவர் பதிவு பெற்ற நர்சா, உதவியாளரா என்று முதலில் கேளுங்கள். நர்ஸ் என்றால் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு எண் இருக்கும், மூன்று வருட டிப்ளமோவோ நாலு வருட பி.எஸ்சி.யோ படித்திருப்பார். ஊசி, கதீட்டர், மூக்குக் குழாய் வேலை இருந்தால் உதவியாளர் போதாது. துடைப்பது, ஊட்டுவது, திருப்புவது என்றால் நல்ல உதவியாளரே போதும், நர்ஸ் சம்பளம் கொடுக்க வேண்டாம்.

முதல் நாள் பக்கத்தில் இருந்து பாருங்கள். கை கழுவுகிறாரா, தொடுவதற்கு முன்னால் நோயாளியிடம் சொல்கிறாரா, சோறு ஊட்டும்போது போனைப் பார்க்கிறாரா. கேள்வியை நோயாளியிடம் கேட்கிறாரா, அல்லது அவர் தலைக்கு மேலே உங்களைப் பார்த்து "இவருக்கு ஷுகர் இருக்கா?" என்கிறாரா. அவருக்கும் தூங்க இடம், சாப்பாடு, வாரத்தில் ஒரு நாள் லீவு உண்டா என்று ஏஜென்சியிடம் பேசி எழுத்தில் வாங்குங்கள், 24 மணி நேரமும் ஒரே ஆள் என்று எழுதிக் கொடுத்தால் அந்த ஏஜென்சி வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கட்டில் பக்கத்தில் வையுங்கள்: எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பினார்கள், என்ன குடித்தார், மலம் போனதா, வலி எப்படி, யார் வந்தார்கள், எதற்குச் சிரித்தார். கடைசி இரண்டையும் எழுதச் சொன்னால் முதலில் விநோதமாகப் பார்ப்பார்கள், இருந்தாலும் எழுதச் சொல்லுங்கள், நான் வந்தால் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவேன்.